கலியாணக் கடனும் கல்விக் கடனும்

மடம் என்றவுடனே துறவறம் நினைவுக்கு வருதல் இயல்பு. காவியும் உருத்திராக்கமும் பூண்ட தம்பிரான்மார் வாழும் இடமாகலின், மனைவி மக்களோடு கூடி வாழும் ஒருவன் அங்கே சென்று நூல் கேட்டல் முரணுடைத்து என்று கருதுவாரும் உளர். சில திங்கட்கு முன்னர் இளைஞர் ஒருவர் என்பால் வந்தார். இளமையில் மடத்துப் பாடசாலையிற் பயின்றவர். மணம் முடித்துப் பொருள் தேடுதலிற் புகுந்து சில ஆண்டுகள் கழித்தவர். இப்பொழுது மீட்டும் சித்தாந்த நூல்களை முறையாகப் பாடங் கேட்க விரும்புகின்றார். இது தகுமோ என்பது அவர் வினா. தகும் என்று ஒரு சொல்லாற் கூறிவிடுதல் எளிது. முன்னர் அங்ஙனஞ் செய்தார் ஒருவர் பட்ட பாட்டையும், அவர்பொருட்டுப் பிறர் பட்ட பாட்டையும் எடுத்துக்காட்டாது அச்சொல்லைக் கூறுதல் முறையன்றெனத் தோன்றியமையின், அவர்க்கு அன்று கூறியவற்றை ஈண்டுச் சிறிது விரித்து எழுதுகின்றேன்.

இல்லறத்தார்க்கு ஞானநூல் உரித்தோ என்னும் வாதத்தை நீட்டிக்க வேண்டுவதில்லை. திருத்தொண்டர் புராணத்தைப் பயின்றார் யாவரும் நாயன்மாருட் பலர் மனையறத்து நின்றவர் என்பதை அறிவர். நம்பியாரூரர் பொருட்டுப் பரவையார் திருமனைக்கு இறைவனே தூது நடந்தனன் என்பதினும் மேற்பட்ட சான்று வேறு என் வேண்டும்? சந்தான குரவருள் அருணந்தி சிவாசாரியர் சகலாகம பண்டிதர் என்னும் பெயரோடு பலர்க்கு ஆசிரியராய் விளங்கிய பின்னரே மெய்கண்டார் திருவடியை அடைந்து மாணாக்கரானார் என்பது மரபு. ஆகவே, வயது சென்றபின் மீண்டும் மாணாக்கனாதலும் நம் நெறிக்குப் புதிதன்று. வந்த இளைஞர் இவற்றையெல்லாம் என்னினும் நன்கு அறிந்தவரே. யான் பாடசாலைக்குச் சென்றுவிட்டால் வீட்டிலுள்ளாரைக் காப்பவர் யார் என்பதே அவர் உள்ளத்தை அரித்துக்கொண்டிருந்தது.

அதற்கு விடை சாத்திரத்திற் கிடைப்பதன்று. சரித்திரத்திற் சிறிது கிடைக்கின்றது. மகாமகோபாத்தியாயர் உ. வே. சாமிநாதையரவர்கள் தம் ஆசிரியராகிய மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் சரித்திரத்தை 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார்கள். தம் வரலாற்றை 1940 ஆம் ஆண்டு முதல் 1942 இல் தாம் மறையுங்காறும் வாரந்தோறும் எழுதிவந்தார்கள். இவ்விரண்டனையும் புலவர் பெருமையும் ஏட்டுச்சுவடிகளின் வரலாறும் அறியவேண்டிப் படிப்பாரே பலர். ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்காகவும் அவற்றைப் படிக்கலாம்.

ஐயரவர்கள் பிறந்தது 1855 ஆம் ஆண்டு. திருமணம் நிகழ்ந்தது 1868 ஆம் ஆண்டு. அப்பொழுது 14 ஆம் வயது நடந்துகொண்டிருந்தது. அக்காலத்தில் மணம் என்பது மணமக்கள் கூடி வாழத் தொடங்குதலன்று. சிறுமியாகிய மணமகள் தன் பிறந்தகத்தே வளர்வாள். சடங்கு மட்டும் முன்னர் நிகழும். அச்சடங்கிற்கு வேண்டும் பொருளோ அப்பொழுதே வேண்டும். தந்தையாராகிய வேங்கடசுப்பையர் இசைவல்லார். நிலைத்த வருவாய் இல்லாதவர். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என ஊர்தோறும் ஆதரிப்பாரை நாடிக் குடும்பத்தோடு சென்று வாழ்ந்தவர். மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பார் எவ்வூரில் உளரோ அவ்வூரே அக்குடும்பத்திற்கு ஊராயிற்று. ஆகவே, மணத்தாற் கடன் நின்றது. பெருங்கல்வி தொடங்குமுன்னரே கலியாணக் கடன் தொடங்கிவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது.

1871 ஆம் ஆண்டில் தந்தையார் மகனை மாயூரத்திற்கு அழைத்துச் சென்று பிள்ளையவர்களிடத்தே ஒப்புவித்தார். பிள்ளையவர்கள் உடனே இசைந்தாரல்லர். பலர் வருகின்றனர், சிலநாள் இருக்கின்றனர், ஏதோ ஒரு காரணத்தால் இடையிலே சென்றுவிடுகின்றனர் என்பது அவர் தயக்கம். நெடுங்காலம் பாடஞ் சொன்ன ஆசிரியர் எவரும் இத்தயக்கத்தின் பொருளை அறிவர், யானும் அறிவேன். மற்றோர் இடையூறும் இருந்தது. பிள்ளையவர்கள் தம்மிடம் பயின்ற மாணாக்கர் பலர்க்குத் தம் இல்லத்திலேயே உணவளித்துவந்தவர். எனினும், அக்காலத்துச் சாதி வழக்கின்படி அந்தணச் சிறுவராகிய ஐயரவர்கள் வேறிடத்தில் உண்ணவேண்டியிருந்தமையின், அச்செலவைத் தந்தையாரே ஏற்கவேண்டியதாயிற்று. கடனுள்ள குடும்பத்திற்கு இஃது இன்னொரு சுமை.

ஆசிரியர் நிலையாவது செழிப்புடையதோ எனின், அதுவும் அன்று. பிள்ளையவர்கள் தாமும் இல்லறத்தார். 1815 ஆம் ஆண்டிற் பிறந்து, இளமையிலேயே தந்தையை இழந்து, தாமே தேடிச்சென்று பலரிடம் கற்றவர். தல புராணங்களும் பிரபந்தங்களும் இயற்றியமையாற் கிடைத்த பொருள், வந்த வழியே மாணாக்கர் உணவிற்கும் பிறர் குறைக்கும் சென்றுவிடும். தம் குமாரர் சிதம்பரம் பிள்ளையின் திருமணத்தைச் சிறப்பாக நடத்தினார். அவரையும் கடன் விடவில்லை. ஆசிரியர், மாணாக்கர் இருவர் இல்லத்தும் தமிழும் கலியாணக் கடனும் ஒருங்கே குடியிருந்தன. இதனை நகைப்பதற்காகச் சொல்கின்றேனல்லேன். கற்றார் மனைகளின் நிலை பெரும்பாலும் இதுவே.

பின்னர்ப் பிள்ளையவர்கள் திருவாவடுதுறையில் தங்கிப் பாடஞ் சொல்லத் தொடங்கினார்கள். நமச்சிவாய மூர்த்திகள் நிறுவிய அவ்வாதீனத்தில் அக்காலத்துத் தலைவராக வீற்றிருந்தவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். தமிழிலும் வடமொழியிலும் இசையிலும் ஒருங்கே பயிற்சியுடைய அவர்முன் குமாரசாமித் தம்பிரான் முதலிய துறவு மாணாக்கரும், ஐயரவர்கள் போன்ற இல்லற மாணாக்கரும், சவேரிநாதரென்னும் கிறித்தவ மாணாக்கரும் ஒரே ஆசிரியரிடம் பாடங்கேட்டனர். தம்பிரான்மார்க்கும் ஏனையோர்க்கும் பாடத்தில் வேறுபாடில்லை. வேறுபாடு பாடம் முடிந்தபின்னரே தோன்றும். தம்பிரானுக்கு மடமே வீடு. இல்லறத்தானுக்கோ வீட்டிலிருந்து கடிதம் வரும்.

ஐயரவர்களுக்கு அக்கல்வி இருமுறை தடைப்பட்டது. ஒன்று அம்மை நோய். அதனால் தம் தாயைப் பெற்ற பாட்டனார் ஊராகிய சூரியமூலைக்குச் சென்று தங்கவேண்டியதாயிற்று. நோய் தீர்ந்தது, கடன் தீரவில்லை. கடனைத் தீர்க்கும் வழியாகத் தந்தையாரும் மகனுமாகப் பழைய இடங்களை நோக்கிச் சென்றனர். செங்கணத்து விருத்தாசல ரெட்டியார் ஐயரவர்களுக்கு முன்னரே யாப்பிலக்கணம் கற்பித்தவர். காரை என்னும் ஊரிற் கிருஷ்ணசாமி ரெட்டியார் என்பவர் ஆதரித்தார். அங்கே 1874 ஆம் ஆண்டளவில் ஐயரவர்கள் திருவிளையாடற் புராணத்தைப் பிரசங்கம் செய்தார்கள்.

இக்காலத்தார் அறியாமை கருதிப் புராணப் பிரசங்கத்தின் முறையைச் சிறிது கூறுவல். ஊரார் கூடி ஒரு நன்னாளில் தொடங்குவிப்பர். நாடோறும் பகற்பொழுதின் பிற்பகுதியிலோ இரவிலோ செய்யுளை இசையோடு படித்துப் பொருள் விரித்தல் வேண்டும். இங்ஙனம் பல நாள், சில இடங்களிற் பல திங்கள் நடக்கும். இடையே நெல்லும் காய்கறியும் வரும். முடிவு நாளில் விழாக் கொண்டாடிப் பிரசங்கஞ் செய்தார்க்கு ஆடையும் பொருளும் வழங்குவர். கேட்போர் ஐயம் வினவுவர். விடை தெரியாவிடின் மறுநாள் மதிப்புக் குறையும். ஆதலின், கற்றல் நின்றதென்பதினும், கற்றதைத் தீட்டிக்கொள்ளும் காலம் அது என்று கொள்ளுதல் பொருந்தும். ஐயரவர்களுக்கு அப்பொழுது இருபது வயதுகூட நிரம்பவில்லை. அவ்வூரில் கிடைத்த சம்மானம் கலியாணக் கடனுக்கு உதவிற்று.

இங்கேதான் பலர் தங்கிவிடுவர். ஊரார் மதிக்கின்றனர், உணவுக்குக் குறைவில்லை, ஒரு புராணம் முடியின் மற்றொரு புராணம், ஓரூர் முடியின் மற்றோரூர். அங்ஙனந் தங்கியிருந்தாரை யாரும் குறை கூறார். குடும்பத்தைக் காத்தான் மகன் என்று புகழ்ந்துமிருப்பர். ஐயரவர்கள் உள்ளமோ ஆசிரியரிடத்தே இருந்தது. கடன்சுமை குறைந்ததும் மீண்டார்கள். பிள்ளையவர்கள் அப்பொழுது அம்பர் என்னும் தலத்தில் இருந்தமையின் அங்கே சென்று கண்டார்கள். மீண்டு வருதல் முதன்முறை வருதலினும் அரிது. முதன்முறை வருவான் ஒன்றும் அறியானாகலின் அவனுக்கு நாணம் இல்லை. மீண்டு வருவானோ உடன்பயின்றார் முன்னே சென்றிருத்தலைக் காண்பான். ஆசிரியர் தன்னை மறந்திருப்பரோ என்றும் அஞ்சுவான். இடையிற் சென்றுவிடும் மாணாக்கரைப் பற்றித் தொடக்கத்திலேயே வருந்திக் கூறிய ஆசிரியர், சென்று திரும்பிய இம்மாணாக்கரைப் பழைய அன்போடு ஏற்றுக்கொண்டார்.

அதன்பின் எஞ்சிய காலம் எத்துணை? ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். 1876 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாளிற் பிள்ளையவர்கள் இறைவன் திருவடி அடைந்தார்கள். திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே அவர் உயிர் நீங்கிற்று என்பதும், படித்தவர் ஐயரவர்கள் என்பதும் அன்பர் அறிந்தன. காரையில் இன்னும் இரண்டு புராணம் முடித்து வருவோம் என்று ஐயரவர்கள் எண்ணியிருப்பின், வந்தபொழுது ஆசிரியர் இருந்திரார்.

இனி, இக்கட்டுரையில் யான் முதன்மையாகக் கருதுவது இதற்குப் பின் நிகழ்ந்தது. ஆசிரியர் மறைந்தார், மாணாக்கர்க்கு இனி மடத்தில் என்ன வேலை? சுப்பிரமணிய தேசிகர் ஐயரவர்களைப் போகவிடவில்லை. தாமே பாடஞ் சொன்னார். மடத்து மாணாக்கர்க்கு ஐயரவர்களைப் பாடஞ் சொல்லவும் செய்தார். அக்கிரகாரத்திலே குடியிருக்க வீடு அமைத்துக் கொடுத்தார். தாய் தந்தையரும் அங்கு வந்து உடனிருந்தனர். துறவியாகிய அவர், தம்மிடம் கற்பான் ஒருவனுக்கு வீடு வேண்டும், அவ்வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதைத் தம் பொறுப்பாகக் கொண்டார். நிலமும் நெல்லும் உடைய மடங்கள் தமிழகத்திற் பல. கற்பவனுடைய வீட்டையும் கல்விச் செலவின் பகுதியாகக் கணக்கில் எழுதிய தலைவரோ மிகச் சிலர்.

1880 ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெற்றபொழுது, தம் இடத்திற்கு ஐயரவர்களையே வேண்டினார். தேசிகருக்குப் பிரிய மனமில்லை. எனினும் நிலைத்த வருவாயின் இன்றியமையாமையை அறிந்து விடைகொடுத்தார். 50 ரூபாய்ச் சம்பளம். மாதந்தோறும் தவறாது வருவது. அக்குடும்பம் அதுகாறும் அறியாத ஒன்று அது. அதன்பின்னும் சனி ஞாயிறுகளில் ஐயரவர்கள் திருவாவடுதுறைக்கு வந்து போவதை விடவில்லை. 1887 ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணி அச்சேறி வந்ததற்கு இவ்வீடும், இச்சம்பளமும், இச்சனிக்கிழமைகளும் வேராக நின்றன என்பது என் கருத்து.

இதுகாறும் சொல்லியதில் ஒருவரைப்பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. யான் மறந்ததன்று, எனக்கு இதனை நினைவூட்டியவர் என் மனைவியார்.

யானும் 23 ஆம் வயதில் மணம்புரிந்து, பாடசாலைப் படிப்பைக் குறையாக விட்டு, ஒரு சிற்றூரில் ஆசிரியனாக இருந்தவன். ஐந்தாண்டு கழித்து, இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு, சித்தாந்தப் பாடம் கேட்க மீட்டும் மடத்திற்குச் சென்றேன். மூன்றாண்டு அங்கே இருந்தேன். அம்மூன்றாண்டும் அவர் தம் தந்தையார் வீட்டில், ஒரு பசுவின் பாலை விற்றுக்கொண்டு, தம் தமையனார் மனைவியாரின் முகக்குறிப்பை அறிந்து நடந்துகொண்டு இருந்தார். யான் திங்கள் ஒருமுறை செல்வேன், சிவஞான சித்தியாரில் அன்று கேட்ட பகுதியைச் சொல்வேன், அவரும் கேட்பார். பல ஆண்டுகட்குப் பின்னர் ஒருநாள் ஐயரவர்கள் சரித்திரத்தை அவர்க்குப் படித்துக் காட்டினேன். பிள்ளையவர்களை அம்பரிற் சென்று கண்ட பகுதியை யான் கண்ணீரோடு படித்து நிறுத்தினேன். அவர் பொறுத்திருந்து, “இவ்வாண்டுகளில் ஐயரவர்களின் மனைவியார் எங்கே இருந்தார்? அவர் என்ன நினைத்தாராம்?” என்று வினவினார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவ்வம்மையாரைப்பற்றி அதில் உள்ள வரிகள் மிகச் சில; அவர் சொல்லாக ஒன்றும் என் கண்ணிற் படவில்லை. கலியாணக் கடன் எங்ஙனம் தீர்ந்தது என்பது வரையில் எழுதிய பெரியார், கலியாணமானவர் எங்ஙனம் காத்திருந்தார் என்பதை எழுதவில்லை. அக்காலத்து நாகரிகம் அது என்று சமாதானம் கூறினேன். என் மனைவியார் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஆயினும் அவர் கேட்டது ஐயரவர்களைப் பற்றி மட்டுமன்று என்பதை அறியாத அளவுக்கு யான் பேதையல்லேன்.

ஆதலால், வந்த இளைஞரிடம் மூன்று செய்திகளைக் கேட்டேன். கடன் எவ்வளவு, அதனை முன்னர்த் தீர்த்துவிட்டு வருதல் கூடுமோ என்றேன்; காரைக்குச் சென்று மீளுதல் இழுக்கன்று. மடத்துத் தலைவரிடம் பாடத்தைப்பற்றி மட்டும் விண்ணப்பித்தீரோ, குடியிருப்பைப்பற்றியும் விண்ணப்பித்தீரோ என்றேன். பாடத்தைப்பற்றி மட்டுமே என்றார். வீட்டம்மையிடம் என்ன சொன்னீர் என்றேன். இன்னும் சொல்லவில்லை என்றார். அம்மறுமொழியைக் கேட்டபின் யான் தகுமென்றும் தகாதென்றும் கூறவில்லை.

அடுத்த திங்கள் இருவருமாக வந்தனர். அவர் தம் கடன் கணக்கை எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்த அம்மையார் என் மனைவியாரை அழைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் சென்று நெடுநேரம் பேசியிருந்தார். திரும்பி வந்து என்னிடம் அவர் கேட்டது ஒன்றே: மடத்துக்கு அணித்தாகக் குறைந்த வாடகையில் வீடு கிடைக்குமோ என்பது.