சிறுவயது மனவடு: சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் அதன் வரலாறு

சிறுவயது மனவடு என்பது, பிள்ளைப் பருவத்தில் தப்பிக்க வழியில்லாமல் திரும்பத் திரும்பப் பட்ட அடி, புறக்கணிப்பு, பாலியல் அத்துமீறல், இழிசொல் ஆகியவை, வளர்ந்த பின்னும் ஒருவருடைய உணர்ச்சியிலும் உறவிலும் உடம்பிலும் விட்டுவைக்கும் தடம். துன்பம் தந்தவர் பெரும்பாலும் அந்தப் பிள்ளையைக் காக்க வேண்டியவராகவே இருப்பதால், ஒருமுறை நேரும் விபத்தின் அதிர்ச்சியிலிருந்து இது வேறுபடுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதனோடு நெருங்கிய நோய்நிலைக்குத் தனிப்பெயர் தந்த பட்டியல் 2022-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரத்திலோ இந்த வலியைத் தொட்ட வழக்கங்களும் சிந்தனையும் மருத்துவப் பெயருக்கு முந்தியவை. கங்கம்மா ஜாத்திரை, காணிப்பாக்கத்துச் சத்தியம், மதனப்பள்ளியில் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் பேச்சுகள் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை.

சொல்

'ட்ராமா' என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் புண் என்று பொருள். தமிழ்நாட்டில் உளக்காயம், மனக்காயம் என்றும், தெலுங்கில் 'மானசிக காயம்' என்றும் வழங்குகிறது. இலங்கைத் தமிழ் மருத்துவ எழுத்தில் 'மனவடு' என்ற சொல் நிலைத்திருக்கிறது. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போர் தமிழர் மனத்தில் ஏற்படுத்திய பாதிப்பை ஆராய்ந்து 1998-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் தலைப்பும் 'வடுப்பட்ட மனங்கள்' என்றே பொருள்படும். புண் ஆறிய இடத்தில் நிற்பது வடு. நடந்தது என்றோ முடிந்துபோனாலும் அதன் அடையாளம் தங்கிவிடுவதால் இக்கட்டுரையும் அச்சொல்லையே எடுத்துக்கொள்கிறது. வீட்டுப் பேச்சில் நோயின் பெயர் வருவதில்லை. 'சின்ன வயசுலயே ரொம்பப் பட்டுட்டா', 'பயந்த கோளாறு', 'காத்து கருப்பு' என்பவையே காதில் விழும். முதல் தொடர் மட்டும் காரணத்தைத் தொடுகிறது. மற்ற இரண்டும் அதை வேறிடத்தில் தேடுகின்றன.

மருத்துவத்தில் பெயர் வந்த கதை

தாங்க முடியாத நினைவுகள் மனத்தின் மற்றப் பகுதியிலிருந்து பிரிந்து தனியே இயங்கக்கூடும் என்று பிரெஞ்சு அறிஞர் பியேர் ஜானே 1889-இல் எழுதினார். 1896-இல் வியன்னாவில் சிக்மண்ட் பிராய்ட், 'ஹிஸ்டீரியா' நோயின் வேர் சிறுவயதுப் பாலியல் கொடுமையில் இருக்கிறது என்று அறிவித்தார். மறு ஆண்டே அந்தக் கொள்கையிலிருந்து பின்வாங்கினார். நோயாளிகள் சொன்னவை நடந்தவையா, கற்பனையா என்ற வழக்கு அங்கே தொடங்கி நெடுங்காலம் நீடித்தது. அவருடைய மாணவர் சாண்டோர் ஃபெரென்சி 1932-இல், அன்பைத் தேடும் குழந்தையின் மொழியைப் பெரியவர் தம் இச்சையின் மொழியாகத் திரித்துக்கொள்கிறார் என்று வாதிட்டபோது பிராய்டின் வட்டாரமே அவரை ஒதுக்கியது.

அடுத்த திருப்பம் எக்ஸ்ரே படத்திலிருந்து வந்தது. குழந்தைகளின் எலும்பில் வெவ்வேறு காலத்தில் முறிந்து கூடிய தடங்களைக் கண்ட ஹென்றி கெம்பேயும் அவருடைய குழுவினரும், வீட்டில் அடிபடும் குழந்தைகளைப் பற்றி 1962-இல் எழுதினார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களின் துன்பம் 1980-இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் ஒரு தனிநோயாக இடம்பெற்றது. அந்த வரையறை போர்க்களத்துக்குப் பொருந்தியது. ஆண்டுக்கணக்காக ஒரே வீட்டில் அஞ்சி வளர்ந்தவருக்கு முழுதும் பொருந்தவில்லை. இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி, சிக்கலான வகை என்று ஒன்றைப் பிரிக்க வேண்டும் என 1992-இல் கோரியவர் அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹெர்மன்.

1998-இல் வின்சென்ட் ஃபெலிட்டியும் ராபர்ட் அண்டாவும் வெளியிட்ட ஆய்வு வாதத்தை உடம்புக்குக் கொண்டுவந்தது. உடல் பருமனுக்குச் சிகிச்சை அளித்துவந்த ஃபெலிட்டி, நன்றாக எடை குறைந்தவர்களே பாதியில் நின்றுவிடுவதைக் கவனித்தார். காரணம் கேட்டபோது அவர்களில் பலர் சிறுவயதுப் பாலியல் கொடுமையைச் சொன்னார்கள். சான்டியாகோவில் நடந்த பெரிய ஆய்வில், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைச் சிறுவயதில் கண்டவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு அத்துன்பம் எதையும் காணாதவர்களைவிட 4 முதல் 12 மடங்கு கூடுதலாக இருந்தது.

2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலக நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு, சிக்கலான வகையைத் தனியே குறிக்கிறது. நடந்தது மீண்டும் இப்போதே நடப்பதுபோல் தோன்றுவது, நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, ஓயாத எச்சரிக்கை ஆகிய மூன்றோடு, உணர்ச்சியை ஆள முடியாமை, தான் எதற்கும் உதவாதவன் என்ற ஊறிய எண்ணம், நெருக்கமான உறவில் தடுமாற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். 2013-இல் வந்த அமெரிக்கக் கையேடு இப்படித் தனியாகப் பிரிக்கவில்லை.

கங்கம்மாவும் காணிப்பாக்கமும்

திருப்பதி தாதய்யகுண்ட கங்கம்மா கோயிலில் ஆண்டுதோறும் மே மாதத்தை ஒட்டி ஒரு வாரம் ஜாத்திரை நடக்கிறது. அதன் கதை பாலியல் கொடுமையைப் பற்றியது. அப்பகுதியை ஆண்ட பாளையக்காரன் கண்ணில்பட்ட பெண்களையெல்லாம் கெடுத்தான். அவிலாலா ஊரில் வளர்ந்த கங்கம்மாவையும் தொட வந்தபோது அவள் தன் உருவைக் காட்டினாள். அவன் ஓடி ஒளிந்தான். பைராகி, பண்டா, தோட்டி என்று நாளுக்கொரு வேடத்தில் தேடிய அவள், கடைசியில் துரை வேடத்தில் வந்து அவனை வெளியே வரவழைத்துத் தலையை அறுத்தாள். இவ்வேடங்களை இன்றும் கைக்காலா குடும்பத்து ஆண்கள் முறையாகப் புனைகிறார்கள். நேர்ந்துகொண்ட மற்ற ஆண்கள் சேலை கட்டி வருகிறார்கள். பண்டா வேடக்காரர்களுக்கு வாய்க்கு வந்தபடி ஏசும் உரிமையும் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் இந்த ஜாத்திரையைப் பற்றி எழுதிய நூல் 2013-இல் வெளியானது.

ஜாத்திரை மனநோய்ச் சிகிச்சை அல்ல. ஆயினும் இப்பொருளின் வரலாற்றில் அதற்கு இடமுண்டு. குற்றம் செய்தவன் யார் என்பதைத் தெரு முழுக்கச் சொல்லி, வெட்கத்தைப் பெண்ணின் தலையில் ஏற்றாமல் அவன் தலையில் ஏற்றும் சடங்கு அது. வீட்டுக்குள் நடந்தால் இதே குற்றம் 'வெளியே சொல்லாதே' என்று மூடப்படுகிறது. ஊர்க் கதை பேசிய ஒன்றை வீட்டுக் கதை பேசவில்லை என்ற முரண் இவ்வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. இங்கே அது கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது.

சித்தூருக்கு அருகிலுள்ள காணிப்பாக்கம் விநாயகர் கோயில் சத்தியத்துக்குப் பேர்போனது. பொய்ச் சத்தியம் செய்ய அஞ்சுவார்கள் என்பதால் வழக்குகள் அங்கே தீர்ந்தன. குடியை விட நினைப்பவர்களும் அங்கே சத்தியம் செய்கிறார்கள். சிறுவயது மனவடு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் குடி வலியை மரத்துப்போகச் செய்யும் வழி. சத்தியம் குடியை நிறுத்த உதவலாம். குடிக்கவைத்த நினைவு அப்போது திரையின்றி முன்வருவதும் உண்டு.

மதனப்பள்ளிச் சிறுவன்

ஜித்து கிருஷ்ணமூர்த்தி 1895 மே மாதம் மதனப்பள்ளியில் பிறந்தார். அப்போது அது கடப்பை மாவட்டம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்து, 2022-இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது அன்னமய்யா மாவட்டத்துக்குப் போனது. மலேரியாவால் நலிந்த பிள்ளை அவர். தாய் சஞ்சீவம்மா 1905-இல் இறந்தார். பள்ளியில் மந்தமானவன் என்று பெயர் வாங்கி அடிபட்டார். வருவாய்த் துறையிலிருந்து ஓய்வுபெற்ற தந்தை நாராயணய்யா 1909-இல் பிள்ளைகளோடு சென்னை அடையாறுக்குக் குடியேற, அவ்வாண்டே அங்கிருந்த பிரம்மஞான சபையைச் சேர்ந்த சார்லஸ் லெட்பீட்டர் சிறுவனை வருங்கால உலக ஆசிரியன் என்று அறிவித்தார். பிள்ளைகளின் வளர்ப்புரிமையைச் சபைத் தலைவர் அன்னி பெசன்டிடமிருந்து திரும்பக் கேட்டுத் தந்தை தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1913-இல் அவர் பக்கம் தீர்த்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1914-இல் அதை மாற்றி பெசன்ட் பக்கம் நின்றது. பிள்ளைகளின் விருப்பம் கேட்கப்படவே இல்லை என்பதை அத்தீர்ப்பு சுட்டிக்காட்டியது.

1922-இல் கலிபோர்னியாவின் ஓஹாயில் அவருக்குக் கடும் தலைவலியும் முதுகு வலியும் கண்டு, அந்நேரங்களில் குழந்தைபோல் அம்மாவை அழைத்ததைத் தம்பி நித்யானந்தா குறித்துவைத்தார். தம்பி 1925-இல் இறந்தார். 1929 ஆகஸ்டு 3 அன்று, தமக்காக அமைக்கப்பட்ட சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். தம் இளம்பருவம் அநேகமாக நினைவில் இல்லை என்பது பிற்காலத்தில் அவர் சொல்லிவந்தது. அந்த வலியை யோக அனுபவம் என்பாரும் உளக்காரணம் என்பாரும் உண்டு. மருத்துவர் யாரும் அவருக்கு மனவடு நோய் என்று சொன்னதாகத் தெரியவில்லை. வாழ்க்கைக் குறிப்பை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்டவும் இயலாது.

அவர் இவ்வரலாற்றில் இடம்பெறுவது தம் சிந்தனையால். 1974-இல் சான்டியாகோவில் ஆலன் ஆண்டர்சனுடன் நடத்திய 18 உரையாடல்களில் ஒன்றின் பொருளே மனம் புண்படுதல். 1976-இல் இங்கிலாந்தின் பிராக்வுட் பார்க்கில் இயற்பியலாளர் டேவிட் போம், உளமருத்துவர் டேவிட் ஷைன்பெர்க் ஆகியோருடன் பேசியபோதும் அது வந்தது. சுருங்கச் சொன்னால் அவர் வாதம் இது: சிறுவயது முதல் நாம் நம்மைப் பற்றி ஒரு பிம்பத்தைக் கட்டிக்கொள்கிறோம். காயம் படுவது அந்தப் பிம்பத்துக்கு. காயத்தைக் காக்கச் சுவர் எழுப்புகிறோம். சுவர் தனிமையைத் தருகிறது, தனிமை அச்சத்தைத் தருகிறது. இதை அப்படியே முழுதாகப் பார்ப்பதே விடுதலை. ஒப்பிடுவதும் தண்டிப்பதும் பிள்ளையைப் புண்படுத்தும் வேலைகள் என்பதால், மதனப்பள்ளிக்கு அருகே 1926-இல் இடம் தேர்ந்து உருவான ரிஷிவேலி பள்ளியில் அவற்றைத் தவிர்க்க முயன்றார்கள்.

இவ்வாதத்துக்கு எதிர்வாதமும் வலுவானது. பாதுகாப்பே அறியாத பிள்ளை கட்டிய சுவர், அன்றைக்கு உயிரைக் காத்த சுவர். அதைப் பார்த்த மாத்திரத்தில் விழும் என்று எதிர்பார்ப்பது, விழாதவரைத் தோற்றவராக்கிவிடும். படிப்படியாக இறக்க வேண்டும் என்பதே மருத்துவர் பலரின் நிலை.

சட்டமும் கணக்கும்

ஆந்திரப் பிரதேச அரசு 2002-இல் பள்ளிகளில் பிரம்படியைத் தடைசெய்தது. 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் நாடு முழுவதும் தடுத்தது. நடுவண் அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளைக் கேட்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53.22 விழுக்காட்டினர் ஏதாவதொரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சொன்னார்கள். அதிக அளவு பதிவான மாநிலங்களில் ஆந்திரமும் ஒன்று. தீங்கு செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் உள்ளது. வளர்ந்தவர்களுக்கு முக்கியமானது 2018-இல் வந்த விளக்கம்: சிறுவயதில் நடந்ததை எந்த வயதிலும் புகாராகத் தரலாம், காலவரம்பு தடையாகாது. புகார் கொடுப்பது நீதிக்கான வழி. மனம் தேறுவது வேறொரு வேலை. ஒன்று நடக்காவிட்டாலும் மற்றது நடக்கும்.

தேறும் வழி

ஹெர்மன் வகுத்த மூன்று படிகளே இன்றும் பலருக்கு வரைபடம். முதலாவது பாதுகாப்பு: தீங்கு இன்னும் தொடர்ந்தால் அதை நிறுத்துவது, தூக்கத்தைச் சீராக்குவது, பதற்றம் ஏறும்போது காலைத் தரையில் ஊன்றிச் சுற்றிலும் கண்ணில் படுபவற்றை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி 'இது இன்று, அன்று அல்ல' என்று உடம்புக்குத் தெரிவிப்பது. இரண்டாவது நினைவும் துக்கமும்: நடந்ததைத் துணையோடு, தாங்கும் அளவில், ஒரு கதையாகக் கோத்துச் சொல்வது, கிடைக்காமல் போன பிள்ளைப் பருவத்துக்காக அழுவது. மூன்றாவது மீண்டும் உறவாடுவது: நம்புவது, மறுப்பது, கோபத்தை அளவோடு காட்டுவது.

நினைவைத் தொடும் முறைகளில் உளக்காயத்துக்கென வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், பிரான்சின் ஷாபிரோ 1987-இல் உருவாக்கிய கண்ணசைவு முறையும் பரவலானவை. உணர்ச்சியை ஆளவும் உறவைக் கையாளவும் முதலில் பயிற்சி தந்து, பிறகு நினைவுக்குச் செல்லும் முறையை மேரிலீன் க்ளோய்த்ர் குழுவினர் 2002-இல் ஆய்வு செய்து வெளியிட்டனர். ஆயத்தப் படி எல்லாருக்கும் தேவையா, நேரே நினைவைத் தொட்டாலே போதுமா என்பதில் 2016 முதல் காரசாரமான விவாதம் நடக்கிறது. இந்நோய்க்கென்று தனி மருந்து கிடையாது. உடன்வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து உதவும்.

வட்டாரத்தில் இன்று

திருப்பதியில் 1960-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ரூயா அரசு மருத்துவமனையில் மனநலத் துறை உள்ளது. தமிழ்நாட்டு எல்லைக்குள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைத்துத் தமிழிலோ தெலுங்கிலோ பேசலாம். 2017-இன் மனநலச் சட்டம், சொன்னதை ரகசியமாகக் காக்கும் உரிமையைத் தருகிறது.

வேலூர் மையம் குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குகொள்ளச் செய்ததால் பெயர்பெற்றது. இந்திய மனநல மருத்துவத்தின் பெரிய பலங்களில் ஒன்று அது. சிறுவயது மனவடுவில் மட்டும் அந்தப் பலத்தைப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். 'கூட யார் வந்திருக்கிறார்கள்?' என்பது எந்த மருத்துவமனையிலும் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. இங்கே அதற்கு முன்னால் இன்னொன்றைத் தனியே கேட்க வேண்டியிருக்கிறது: 'யார் கூட இருந்தால் உங்களுக்குப் பயமில்லை?' அந்தப் பதிலில் வரும் பெயர் அத்தையாக இருக்கலாம், பழைய ஆசிரியையாக இருக்கலாம், பெற்றவராக இல்லாமலும் போகலாம். பாதுகாப்பு என்ற முதல் படி அந்தப் பெயரிலிருந்து தொடங்குகிறது.