விழுந்தவர்கள் தந்த மெத்தை

ஆலப்புழைப் பக்கம் காயல் நீரில் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஊறியதை அடித்து, நார் பிரித்து, கயிறு திரித்து, தறியில் ஏற்றினால் பாய். 1859-இல் ஜேம்ஸ் டாரா அங்கே கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கினார். வாசல் மிதியடிகளோடு இன்னொரு சரக்கும் இந்தத் தொழிலுக்கு உண்டு: உடற்பயிற்சிக்கூடத்துக்கான தடித்த நார்ப் பாய். பிரிட்டன் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் குட்டிக்கரணம் அடித்தது தென்னை நாரின்மேல்தான்.

அதற்கு முன்பு மண்தான். 1811-இல் பெர்லினை ஒட்டிய ஹாசன்ஹைடெயில் ஃபிரீட்ரிஷ் லூட்விக் யான் அமைத்த பயிற்சிக்களம் திறந்தவெளியில் இருந்தது. பயிற்சி கூரைக்குள் வந்ததும் காலடிக்கு மரப்பலகை வந்தது. விழுந்தால் எலும்புக்கு ஆகாது. எனவே நார்ப் பாயையும், வைக்கோலோ குதிரைமுடியோ அடைத்த கித்தான் மெத்தையையும் விரித்தார்கள்.

நார்ப் பாய் முழங்கையைச் சிராய்க்கும், தூசி கிளப்பும். அதைவிடப் பெரிய குறை, அது அமிழாதது. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் 1 சென்டிமீட்டருக்குள் நின்றுவிட்டால், எடையைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு விசை அதைத் தாக்கும். 10 சென்டிமீட்டர் அமிழ்ந்து நின்றால் அதுவே 10 மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். மெத்தை செய்யும் உதவி இவ்வளவே: விழுகிறவருக்கு நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் தருகிறது.

அந்தத் தூரத்தைத் தந்த பொருள் 1937-இல் ஜெர்மனியின் லெவர்கூசனில் பிறந்தது. ஓட்டோ பாயரும் அவரது குழுவினரும் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார்கள். 1950-களில் அது மென்மையான நுரையாகச் சந்தைக்கு வந்தது. நுரைக்குள் எண்ணற்ற சிறு அறைகள். மேலே ஒருவர் விழுந்ததும் காற்று மெல்ல வெளியேறும், எழுந்ததும் திரும்பி வரும். மெத்தை மாறியதும் மனிதர் விழும் விதமும் மாறியது. 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபோஸ்பரி உயரம் தாண்டுதலில் மல்லாந்தபடி கம்பைத் தாண்டித் தங்கம் வென்றார். வெறும் மணல்மேட்டில் அப்படி முதுகு பதிய விழ யாருக்குத் துணிவு வரும்?

ஆனால் மென்மை மட்டும் போதாது. மெத்தை மிகவும் குழைந்தால் பாதம் புதைந்து கணுக்கால் திருகிக்கொள்ளும். எனவே மேலே கெட்டியான நுரை, கீழே மென்மையான நுரை என அடுக்கினார்கள். இன்று பெரிய போட்டிகளில் இறங்கும் மெத்தையின் தடிமன் 20 சென்டிமீட்டர். பயிற்சியில் ஒரு புதிய வித்தை அந்த மெத்தைக்கு உடனே வந்துவிடுவதில்லை. முதலில் நுரைக்கட்டிகள் நிரப்பிய குழி. பிறகு தடித்த, மெத்தென்ற மெத்தை. கடைசியில்தான் போட்டி மெத்தை. பயம் படிப்படியாகத்தான் விலகும்.

தாங்க மெத்தை இருக்கிறது என்றதும் துணிச்சல் வளர்ந்தது. சில சமயம் மெத்தையை முந்திக்கொண்டும் ஓடியது. 1980-களின் தொடக்கத்தில் சோவியத் வீராங்கனை நதாலியா யுர்சென்கோ ஒரு புதிய தாவலைக் கொண்டுவந்தார். ஓடிவந்து, கைகளை ஊன்றிச் சுழன்று, பின்புறமாகத் துள்ளுபலகையில் கால்பதித்து, அன்றைய தாவுகருவியான மரக்குதிரையை நோக்கி மல்லாந்து பாய வேண்டும். 1988 மே மாதம் டோக்கியோவில் அமெரிக்காவின் ஜூலிசா கோமெஸ் போட்டிக்கு முன் அதைப் பயிற்சி செய்தபோது, பலகையிலிருந்து கால் வழுக்கியது. தலை மரக்குதிரையில் மோதியது. 15 வயதுப் பெண்ணின் கழுத்துக்குக் கீழே அசைவு நின்றுபோனது. 1991-இல், 18 வயதில், அவர் இறந்தார்.

1989-இல் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பு துள்ளுபலகையைச் சுற்றி லாட வடிவ மெத்தை போட அனுமதித்தது. பின்னர் அந்தத் தாவலுக்கு அது கட்டாயமானது. பலகையை அது மூன்று பக்கமும் அணைத்துக்கொள்கிறது. இன்று யுர்சென்கோ தாவும் ஒவ்வொரு சிறுமியும் அதன் அணைப்புக்குள்தான் கால்பதிக்கிறாள். கால் சற்றே தவறினாலும் தாங்க ஏதோ இருக்கிறது. அந்த மெத்தைக்கு ஜூலிசாவின் பெயர் சூட்டப்படவில்லை. எனக்கு அது ஜூலிசாவின் மெத்தைதான்.

மெத்தை திரிபுராவின் அகர்தலாவுக்கும் வந்தது. அங்கே வேறு வேலை காத்திருந்தது. பயிற்சியாளர் பிஸ்வேஸ்வர் நந்தியிடம் தாவுமேடை இல்லை. மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதையே மேடையாக்கினார். பழைய ஸ்கூட்டரின் ஸ்பிரிங்குகளைக் கொண்டு துள்ளுபலகை செய்தார். விழுகிறவரைத் தாங்கப் பிறந்த பொருள், அங்கே ஒரு சிறுமி எழும்பிப் பறக்க மேடையானது. அந்தச் சிறுமி தீபா கர்மாகர். 2016 ரியோ ஒலிம்பிக்கில், உலகிலேயே மிகவும் அஞ்சப்படும் புரொதுனோவா தாவலைச் செய்து, 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காமிடம் பெற்றார்.

மெத்தைக்கும் மூப்பு உண்டு. ஆயிரம் முறை அமுங்கிய நுரையின் சிற்றறைகள் உடையும், பழையபடி எழும்பாது. உறை பளபளப்பாக இருக்கும், உள்ளே உயிர் இருக்காது. முழங்காலால் அழுத்திப் பார்த்தால் தரை தட்டும். அப்படித் தட்டினால் அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். மெத்தை வாங்கும் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கும் எவரும், பிள்ளையைத் தாவச் சொல்வதற்கு முன் ஒருமுறை தம் முழங்காலை அதில் ஊன்றிப் பார்க்கட்டும்.