கப்பல் வழி வந்த கல்வி: பாளையங்கோட்டையிலிருந்து கொழும்புக்கு

இலங்கையில் காது கேளாதோர், பார்வையற்றோர் கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1912இல் தொடங்குவர். மேரி சாப்மன் நிறுவிய, இன்று இரத்மலானையோடு சேர்த்து அறியப்படும் பள்ளிக்கு அதுவே தொடக்க ஆண்டு. நிறுவிய ஆண்டு சரிதான். ஆனால் வரலாற்றின் தொடக்கம் அதுவன்று. அதைத் தாமிரபரணிக் கரையில்தான் தேட வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890இல் பார்வையற்றோருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டிலேயே பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாத பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி கண்டார். சாப்மன் பயின்ற களம் இந்த இரண்டாம் பள்ளி. ஸ்வெயின்சனும் சாப்மனும் சார்ந்திருந்த சனானா மிஷன் 1880இல் உருவானது வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்களுக்காக. காது கேளாதோர் அதன் திட்டத்தில் இல்லை. அரசோ குடிக்கணக்கில் பார்வையற்றோரையும் காது கேளாதோரையும் தனித்தனியே எண்ணி வந்தது. எண்ணியது ஒரு கை, எழுத்தறிவித்தது வேறு கை.

பாளையங்கோட்டையின் இந்த அனுபவம் கடல் கடந்ததைத் தனியொருவரின் தொண்டுள்ளமாக மட்டும் பார்ப்பது போதாது. 1876இல் தூத்துக்குடிக்கு இரயில் வந்தபின், திருநெல்வேலிச் சீமைக்குக் கொழும்பு ஓரிரவுப் பயணமாயிற்று. தூத்துக்குடியில் ஆழம் குறைந்த கடல் என்பதால் கப்பல் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிடும். படகில் போய் ஏற வேண்டும். தேயிலைத் தோட்டக் கூலிகளும் வணிகர்களும் மிஷனரிகளும் சென்ற தடம் இது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் விட்டதும் இதில்தான். நம் நினைவில் இத்தடம் முத்தோடும் சுதேசியத்தோடும் நின்றுவிட்டது. கற்பிக்கும் முறைகளும் அதில் பயணம் செய்தன என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்து பயணிகளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. சாப்மனின் பள்ளி அதற்கு ஈராண்டு மூத்தது.

அக்கரையில் ஒரு மாற்றமும் நேர்ந்தது. பாளையங்கோட்டையில் இரண்டு பள்ளிகளாக இருந்தவை கொழும்பில் ஒரே நிறுவனமாயின. இதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. காது கேளாத பிள்ளைக்குக் கண்ணே வழி. பார்வையற்ற பிள்ளைக்குக் காதும் விரலும். ஒரு வகுப்பின் கருவி மற்றதற்கு உதவாது. தமிழ்ப் பிரெயிலையே எடுத்துக்கொள்வோம்: ‘கொ’ என்பதன் கொம்பு அச்சில் மெய்க்கு முன்னே நிற்க, விரலோ ககரத்தைத் தடவிய பின்னரே ஒகரத்தைத் தொடுகிறது. ஒலிக்கும் வரிசை அது. ஒலியே எட்டாத பிள்ளைக்கு அதனால் பயனில்லை. ஒரே கூரையின்கீழ் இரண்டு கற்பித்தல் முறைகளை நடத்த வேண்டியிருந்தது என்பதே இப்பள்ளியின் தனித்தன்மை.

சாப்மன் அங்கும் நிற்கவில்லை. 1920இல் இரங்கூனில் காது கேளாதோர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பாளையங்கோட்டை, கொழும்பு, இரங்கூன்: மூன்று நாடுகளின் கல்வி வரலாறுகள் இவற்றை இன்று தனித்தனி அத்தியாயங்களில் வைத்திருக்கின்றன.