பரங்கிமலை நிலையமும் பட்டா இல்லாதவர்களும்

சென்னைப் பரங்கிமலை ரயில் நிலையம் மூன்று தடங்கள் சந்திக்கும் இடமாகத் திட்டமிடப்பட்டது. தரையில் ஓடுவது கடற்கரை–தாம்பரம் புறநகர்த் தடம். 1931இல் மின்மயமான பழைய பாதை. அதையொட்டி எழுந்த உயர்மட்டக் கட்டடத்தில் பறக்கும் ரயிலுக்கு ஒரு தளம், அதற்கு மேல் மெட்ரோவுக்கு ஒரு தளம். மெட்ரோ 2016 அக்டோபரில் இங்கு வந்து சேர்ந்தது. வேளச்சேரியிலிருந்து வெறும் 5 கிலோமீட்டர் நீள வேண்டியிருந்த பறக்கும் ரயில் தடம்தான் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.

அந்த நீட்டிப்புப் பணி 2008இல் தொடங்கியது. ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் எழும்பியது. ஆதம்பாக்கத்தில் சுமார் 500 மீட்டர் மட்டும் எஞ்சியது. அங்கிருந்த நில உரிமையாளர்கள் இழப்பீட்டை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். பத்தாண்டுகளுக்கும் மேலாக அரசும் ரயில்வேயும் காத்திருந்தன. உரிமையாளர்களை நாம் குறை கூறவில்லை. சொத்துக்கு உரிய விலை கேட்பது சட்டம் தந்த உரிமை. நமது கேள்வி வேறு: இதே தடம் கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை எவ்வாறு வந்து சேர்ந்தது?

முதற்கட்டம் 1995இல் சேப்பாக்கம் வரையிலும் 1997இல் மயிலாப்பூர் வரையிலும் திறக்கப்பட்டது. 2007இல் ரயில் வேளச்சேரியை எட்டியது. இப்பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே செல்கிறது. பல இடங்களில் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. காரணம் எளிது. கால்வாய் அரசு நிலம். விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் அதன் கரைகளில் பல தலைமுறைகளாக மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் தலித்துகளின் பங்கு நகரச் சராசரியைவிடக் கூடுதல். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடையாது. ஆகவே கோப்புகளில் அவர்கள் குடியிருப்போர் அல்லர், ஆக்கிரமிப்பாளர்கள். பறக்கும் ரயிலுக்காகவும் பிற திட்டங்களுக்காகவும் அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000 முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தின் கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டன. பின்னர் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் சேர்ந்தன. ரயிலுக்கு வழிவிட்டவர்கள் குடியேற்றப்பட்ட பழைய மாமல்லபுரம் சாலையில் ரயிலே இல்லை. அங்கு மெட்ரோ இன்னும் கட்டுமானத்தில்தான் உள்ளது. வீட்டு வேலைக்கும் துப்புரவுப் பணிக்கும் மயிலாப்பூருக்குத் திரும்பி வர வேண்டிய பெண்களுக்கு அந்தத் தொலைவு பேருந்துக் கட்டணமாகவும், பலருக்கு வேலையிழப்பாகவும் விடிந்தது.

சட்டம் இவர்களை அறவே மறந்துவிடவில்லை. வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் முன்னறிவிப்புடன் அகற்றுவதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. 2013ஆம் ஆண்டின் நில எடுப்பு, மறுவாழ்வுச் சட்டம் மேலும் ஓரடி சென்றது. நிலம் இல்லாவிட்டாலும், அப்பகுதியில் மூன்றாண்டுகள் உழைத்து வாழ்ந்த விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், கைவினைஞர்கள் ஆகியோரின் குடும்பங்களும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள் வருகின்றன. ஓட்டை எங்கே என்றால், நிலம் ‘எடுக்கப்படும்’போதுதான் இச்சட்டம் உயிர்பெறும். அரசு தன் புறம்போக்கையே பயன்படுத்தும்போது எடுப்பு என ஒன்று நிகழ்வதில்லை. மறுவாழ்வு உரிமை என்பது அதிகாரியின் கருணையாகச் சுருங்கிவிடுகிறது.

ஆரணி வட்டார வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. 2006–07இல் ஒப்புதல் பெற்ற திண்டிவனம்–நகரி புதிய ரயில் பாதை செய்யாறு, ஆரணி வழியாகத் திட்டமிடப்பட்டது. தேவிகாபுரம் போன்ற பட்டு நெசவு ஊர்களுக்கு ரயில் தேவை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நிலம் அளக்கப்படும் ஒவ்வோர் ஊரிலும் பட்டாதாரர் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் கேட்கப்பட வேண்டும்: அந்நிலத்தில் கூலிக்கு உழைப்பவர்கள், குத்தகைக்குப் பயிரிடுபவர்கள், ஓரத்துப் புறம்போக்கில் வீடும் தறியும் வைத்திருப்பவர்கள். ரேஷன் அட்டை, மின் கட்டண ரசீது, வாக்காளர் அட்டை ஆகியவற்றின் நகல்களை இப்போதே திரட்டி, ஆட்சேபணைக் காலம் முடிவதற்குள் எழுத்து வடிவில் மனு அளித்து ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ள வேண்டும்.