முதுமை காக்கும் முறைமையும் இப்னு ஸீனாவும்

உள்ள நலத்தைக் காப்பதும், இழந்த நலத்தை மீட்பதுமே மருத்துவம் என்று அரபு மருத்துவ மேதைகள் வரையறுத்தனர். காத்தலை அவர்கள் முன்வைத்த வரிசை நம் சிந்தனைக்கு உரியதாகும்.

அம்மேதைகளுள் தலையாயவர் அபூ அலீ இப்னு ஸீனா. ஹிஜ்ரி 370-இல் (கி.பி. 980) புகாராவை அடுத்த அஃப்ஷனா என்னும் ஊரில் பிறந்தார். கி.பி. 1025 வாக்கில் அவர் நிறைவு செய்த ‘அல்-கானூன் ஃபித் திப்பு’ என்னும் பெருநூல் ஐந்து பாகங்களை உடையது. அதன் முதற் பாகத்திலேயே முதியோர் நலம் பேணுதற்கெனத் தனிப் பகுதி வகுத்தார்.

மனித ஆயுளை அவர் நான்காகப் பகுத்தார். ஏறத்தாழ 30 வயது வரை வளர்ச்சி. 35 அல்லது 40 வரை வலிமை நிலைத்திருக்கும் காலம். வலிமை இருந்தும் தேய்வு தொடங்கும் பருவம் 60 வரை. அதன் பின்னர் முதுமை. உடல்நலக் காப்பில் தேகப்பயிற்சியை முதலாவதாகவும், உணவை அடுத்ததாகவும், உறக்கத்தை மூன்றாவதாகவும் வைத்தார்.

முதியோர் சிறுகச் சிறுக, நாளொன்றுக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து உண்ண வேண்டும். எண்ணெய் தேய்த்து உடம்பைப் பிடித்துவிடுதலும் அளவோடிருக்க வேண்டும். பிறரினும் சற்று மிகுதியாக உறங்க வேண்டும். மலச்சிக்கலுக்கு இடந்தரலாகாது என்றார். அவர்தம் பயிற்சியோ, உடல் நிலையையும், வழக்கமாக வரும் நோயையும், முன்னைப் பழக்கத்தையும் பொறுத்தது என்றார். முதுமைக்கான பழக்கத்தை முதுமைக்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

இத்துணையும் எழுதிய அப்பெருமகனாரின் இறுதிக் காலத்தை அவர்தம் மாணாக்கர் அல்-ஜூஸ்ஜானீ ஒளிக்காமல் எழுதி வைத்துள்ளார். போர்ப் பயணமொன்றில் ஆசிரியரைக் கடும் வயிற்று வலி பற்றியது. படையோடு செல்ல இயலாமற் போய்விடுமோ என்றஞ்சி, விரைவில் குணம்பெற விழைந்து, ஒரே நாளில் எட்டு முறை வஸ்தி சிகிச்சை செய்துகொண்டார். குடலில் புண் உண்டாயிற்று. சற்றே தேறியபின்னும் இச்சைகளில் அளவு காக்கவில்லை. நோய் திரும்பத் திரும்ப வந்தது. ஹிஜ்ரி 428-இல் (கி.பி. 1037) ஹமதானில் காலமானார். தாம் முதுமை என வகுத்த 60 வயதை அவர் எட்டவில்லை.

அவருடைய பெருமையைக் குறைத்தல் நம் நோக்கமன்று. ஆயுள் அல்லாஹ்வின் நாட்டம். உடல் அவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நாள்தோறும் சிறிது நடப்பதும், பசியறிந்து உண்பதும், நேரத்தில் உறங்குவதும் எவர்க்கும் எளியன. ஆயினும் அவற்றை ஒரே நாளில் சேர்த்துச் செய்து ஈடுகட்ட இயலாது. இல்முக்கு அமல் துணை நிற்க வேண்டும் என்று மத்ரஸாவில் நாம் ஓதுவது இவ்வுடம்புக்கும் பொருந்தும்.