குடிமதிப்பு ஏடுகள்: மூலமும் படியும்

இங்கிலாந்தில் குடும்ப வரலாறு ஆராய்வோர்க்குக் குடிமதிப்பு ஏடுகள் முதன்மையான சான்றுகளாகும். 1881ஆம் ஆண்டின் ஏடுகளைத் தன்னார்வத் தொண்டர்கள் படியெடுத்துப் பெயரகராதி அமைத்தனர். அதனால், தெருத்தெருவாகத் தேடவேண்டியிருந்த ஒரு பெயரை எளிதில் கண்டடைய வழி பிறந்தது. இந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும், படி மூலத்தின் இடத்தைப் பெறலாமோ என்பதே நம்முன் எழும் வினா.

முதலாவதாக, மூலம் எனப்படுவதன் இயல்பை அறிதல் வேண்டும். 1841 முதல் 1901 வரை வீட்டார் நிரப்பிய தாள்கள், மிகச் சில நீங்கலாக, பாதுகாக்கப்படவில்லை. எஞ்சியவை கணக்கெடுப்பாளர் அத்தாள்களைப் பார்த்தெழுதிய ஏடுகளே. ஆகவே, அவற்றிலிருந்து எடுக்கப்படுவது படியின் படியாகும். 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை 5இன் மடங்காகக் குறைத்தெழுதும்படி பணித்திருந்தனர். எனவே 34 வயதினர் 30 எனப் பதிவாகியிருக்கலாம். மேலும், பின்னர்த் தொகை கூட்டிய எழுத்தர்கள் இட்ட கோடுகள் பலவிடங்களில் வயதின் இலக்கங்களை மறைத்துள்ளன. படியெடுத்தவர் ஊகித்தெழுதிய இலக்கமோ, அச்சில் ஐயமற்றதுபோல் தோன்றும்.

இரண்டாவதாக, படியின் கட்டங்களில் அடங்காதவையும் உண்டு. 1911ஆம் ஆண்டுத் தாள்கள் வீட்டார் எழுதியவாறே எஞ்சியுள்ளன. வாக்குரிமை கோரிய பெண்கள் சிலர் அவற்றில் தம் எதிர்ப்பை எழுதினர். எமிலி வைல்டிங் டேவிசன் பாராளுமன்றக் கட்டிடத்தின் நிலவறையில் ஒளிந்திருக்கக் காணப்பட்ட செய்தியும் அவர் பெயருள்ள தாளில் குறிக்கப்பெற்றுள்ளது. மணமான பெண்கள் பெற்ற பிள்ளைகள் எத்தனையர், இருப்போர் எத்தனையர், இறந்தோர் எத்தனையர் என அத்தாள் வினவியது. கைம்பெண்கள் இதற்கு விடை தரவேண்டியதில்லை. ஆயினும் பலர் எழுதினர். அலுவலர் அவ்விடைகளைக் கோடிட்டு நீக்கினர். கோட்டின்கீழ் அவ்வெண்களை இன்றும் வாசிக்க முடிகிறது. படியில் அவை விடுபடின், பிள்ளையை அடக்கம்பண்ணிய தாயொருத்தியின் சாட்சியே விடுபடுகிறது.

ஆகவே, படி வழிகாட்டி, மூலமே சான்று. பெயரைப் படியில் தேடலாம். முடிபை மூலத்தின் நிழற்படத்தைக் கண்ட பின்னரே உரைத்தல் வேண்டும். கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டுக் கற்கும் இறையியல் மாணவர்க்கு இவ்வொழுங்கு புதியதன்று. சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து சான்று எழுதிக்கொடுக்கும் போதகரும் படியெடுப்பவரே. அவர் எழுதிக்கொடுக்கும் தாள் தலைமுறைகளுக்குச் சான்றாக நிற்கக்கூடும். ஆதலின், தெளிவற்றதைத் தெளிவற்றதென்றே குறிப்பதும், பழைய ஏட்டைச் செல்லரியாமற் காப்பதும் அவர்தம் ஊழியத்தின் பகுதியேயாம்.