கழனிப் பள்ளியின் கவிஞர்

பள்ளியாசிரியர் ஒருவர் கவிதை எழுதினால், உலகம் அவரை இரு கூறாக்கிப் பார்ப்பது வழக்கம். வகுப்பறையில் கழியும் பொழுது வயிற்றுக்கு, எஞ்சிய பொழுது கலைக்கு என்று அது கணக்கிடும். இக்கணக்கு எல்லார்க்கும் பொருந்துவதன்று. ஜப்பான் நாட்டின் வடபகுதியில் உழவர் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொன்ன மியாசவா கென்ஜியின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும். அவர் ஆசிரியராயிருந்தது நான்காண்டு நான்கு திங்கள் மட்டுமே. அக்காலத்து அன்றாடப் பணிகளையும் பாடல்களையும் வேறு வேறாகப் பிரித்தெடுத்தல் இயலாது.

பிறந்த மண்

இவாத்தே மாநிலத்து ஹனமாகி என்னும் ஊரில் 1896 ஆகஸ்டு 27ஆம் நாள் கென்ஜி பிறந்தார். அவ்வாண்டு ஜூன் திங்களில்தான் அம்மாநிலக் கடற்கரையை ஆழிப்பேரலை அழித்திருந்தது. கோடையில் குளிர்காற்று வீசினால் நெற்கதிர் பதராகிவிடும் பகுதி அது. விளைச்சல் பொய்த்த ஆண்டில் உழவர் தம் உடைமைகளை அடகு வைக்க வருவர். கென்ஜியின் தந்தையோ அடகுக்கடையும் பழந்துணி வணிகமும் நடத்தியவர். வறியவர் தரும் வட்டியில் தம் குடும்பம் உண்கிறது என்னும் எண்ணம் இளமையிலேயே அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

மொரியோகா நகரின் வேளாண்மை, வனவியல் உயர்கல்விக்கூடத்தில் பயின்று 1918இல் தேறினார். தாமரைச் சூத்திரம் என்னும் பௌத்த நூலில் ஆழ்ந்த பற்றுக் கொண்டார். 1921 தொடக்கத்தில் திடீரெனத் தோக்கியோ சென்று, சிறு வேலை பார்த்துக்கொண்டே குழந்தைக் கதைகளை எழுதிக் குவித்தார். தங்கை தோஷி நோயுற்ற செய்தி அவரை ஊருக்கு அழைத்து வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் உள்ளூர் வேளாண் பள்ளியில் ஆசிரியரானார். அதே திங்களில் மகளிர் இதழொன்றில் அவர்தம் கதை வெளிவரத் தொடங்கியது. அதற்குக் கிடைத்த 5 யென்னே வாழ்நாளில் அவர் எழுத்தால் பெற்ற ஒரே ஊதியம் என்பர்.

வகுப்பறையும் ஆற்றங்கரையும்

இயற்கணிதம், வேதியியல், மண்ணியல், உரம், நெற்பயிர், ஆங்கிலம் எனப் பல பாடங்களை அவர் நடத்தினார். பாடநூலை மட்டும் நம்பியிராமல் மாணவரை வயலுக்கும் மலைக்கும் அழைத்துச் சென்றார். கழுத்தில் தொங்கும் எழுதுகோலும் சிறு குறிப்பேடும் அவரை விட்டு நீங்கியதில்லை. நடந்துகொண்டே எழுதுவது அவர் இயல்பு. இசைத்தட்டுகள் வாங்கிச் சேர்த்து மேலைநாட்டு இசையைத் தாமும் கேட்டார், பிறர்க்கும் கேட்பித்தார்.

ஊரருகே ஓடும் கிட்டகாமி ஆற்றின் ஓரத்தில் வெளிறிய சேற்றுப்பாறைப் படிவம் உண்டு. ஆங்கிலக் கால்வாய்க் கரையின் வெண்பாறைகளை நினைந்து, அவ்விடத்துக்கு 'இங்கிலாந்துக் கடற்கரை' என்று அவர் பெயரிட்டார். கோடை நாளில் மாணவருடன் ஆங்கு நீராடுவார். பாறையில் பதிந்த பண்டைய அக்ரூட் கொட்டைகளை அவர் கண்டெடுத்தமை அறிஞர் உலகின் கவனத்தையும் ஈர்த்தது. ஓர் ஆசிரியரின் கோடை விளையாட்டு மண்ணியல் ஆய்வாகவும், உரைநடைச் சித்திரமாகவும் ஒருங்கே மலர்ந்தது.

பள்ளிக்கெனப் பாடல் எழுதினார், மாணவர் நடிக்க நாடகங்களும் எழுதினார். அவற்றுள் ஒன்று பட்டினிப் படைமுகாம் பற்றியது. பசியால் வாடும் வீரர்கள் தளபதியின் பதக்கங்களைத் தின்றுவிடுகின்றனர், ஏனெனில் அவை தின்பண்டத்தால் ஆனவை. தளபதி அவர்களைத் தண்டிக்காமல், பழமரம் வளர்க்கும் முறையை உடற்பயிற்சியாகக் கற்பிக்கிறார். பஞ்சம் அறிந்த பிள்ளைகள் நடிக்கையில் அந்நகைச்சுவையின் அடியில் கசப்பும் இருந்திருக்கும். 1924 ஆகஸ்டில் இந்நாடகங்கள் ஊரார் முன் அரங்கேறின. அடுத்த திங்களே பள்ளி நாடகங்களைத் தடுக்கும் போக்கில் கல்வித்துறையின் ஆணை பிறந்தது.

தங்கையின் பிரிவு

1922 நவம்பர் 27ஆம் நாள் தோஷி மறைந்தார். அவருக்கு அகவை 24. உயிர் பிரியும் நாளில் கிண்ணத்தில் பனி கொண்டுவருமாறு அண்ணனைக் கேட்டார் என்பதைக் கென்ஜியின் கவிதையே சொல்கிறது. அதன்பின் பல திங்கள் அவர் கவிதை எழுதவில்லை. 1923 ஆகஸ்டில் மாணவர்க்கு வேலை தேடித் தரும் பொருட்டு, வடக்கே சகாலின் தீவுவரை பயணம் சென்றார். அப்பயணமே இரங்கற்பாக்களின் வரிசையாயிற்று. பள்ளிக் கடமையாய்த் தொடங்கிய தொடர்வண்டிப் பயணத்தில் இறந்த தங்கையைத் தேடியலையும் பாடல்கள் பிறந்தன.

இப்பாடல்களையும் உட்கொண்ட 'வசந்தமும் அசுரனும்' என்னும் தொகுதி 1924 ஏப்ரலில் தம் செலவில் 1000 படிகளாக வெளிவந்தது. கவிதை என்று சொல்லாமல் 'மனச் சித்திரம்' என்றே அவற்றை அவர் அழைத்தார். பாறைப் பெயரும் பயிர்ப் பெயரும் சூத்திரச் சொல்லும் அவற்றில் கலந்து வருகின்றன. வகுப்பில் சொன்ன சொற்களே கவிதைக்கும் சொற்களாயின. அவ்வாண்டு டிசம்பரில் கதைத் தொகுதி ஒன்றும் வந்தது. வாழ்நாளில் வெளிவந்த நூல்கள் இவ்விரண்டே. இரண்டும் விலைபோகவில்லை.

விலகலும் விளைவும்

உழவுக்குத் திரும்புங்கள் என்று மாணவரிடம் சொல்லிக்கொண்டே தாம் மாத ஊதியம் பெறுவது அவரை உறுத்தியது. 1926 மார்ச்சில் பணி துறந்து, குடும்பத்தின் மற்றொரு வீட்டில் தனித்து வாழ்ந்து நிலம் உழுதார். செல்லோ என்னும் பெருநரம்புக் கருவியைப் பயின்றார். உழவர்க்கு வேளாண்மையும் கலையும் கற்பித்தார். வயல் வயலாக மண்ணை ஆய்ந்து, ஊதியம் பெறாமல் உரத்திட்டம் எழுதித் தந்தார்.

ஊதியமற்ற இத்தொண்டு சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலிருந்த பிளவை நீக்கியது. ஆனால் உடலை உருக்கியது. 1928இல் நோயில் விழுந்தார். 1933 செப்டம்பர் 21ஆம் நாள் தம் 37ஆம் அகவையில் மறைந்தார். அதற்கு முந்தைய மாலை, உரம்பற்றிக் கேட்க வந்த உழவர் ஒருவருக்காக எழுந்து உடைமாற்றி வந்து நெடுநேரம் விளக்கம் சொன்னார் என்பர். ஆசிரியப் பதவியை விட்டவரிடத்து ஆசிரியத் தன்மை இறுதிவரை நீங்கவில்லை.

ஆசிரியராய்க் கழித்த ஆண்டுகள் மகிழ்வும் ஒளியும் மிக்கவை என்று பின்னாளில் அவரே எழுதி வைத்தார். அவ்வாண்டுகள் அவரது கலைக்குக் குறுக்கே நிற்கவில்லை என்பதற்கு அவர் படைப்புகளே சான்று. கூரைமேல் பொழியும் மழை வேறு, வயலில் பொழியும் மழை வேறு அன்று; தேங்கும் இடமே பயனை வேறாக்குகிறது. கென்ஜியின் நாளில் வகுப்பறையே வயலாயிற்று. மணியடித்ததும் பாடநூலை மூடிக் கவிதைக் குறிப்பேட்டைத் திறக்கும் ஆசிரியர் எவர்க்கும், மூடிய நூலிலிருந்தே அடுத்த பாடல் பிறக்கக்கூடும் என்பதை அவ்வாழ்வு உணர்த்துகிறது.